ஃபிளின் ஃபிளான் அணியை இன்னொரு முறை இழக்க மாட்டோம்

கனடாவில் ஜூனியர் ஐஸ் ஹாக்கிக்கு விதி எழுதும் நிர்வாகிகளுக்கு,

2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ., மேல்தட்டு ஜூனியர் லீக்குகளில் ஆடியவர்களைக் கல்லூரி ஹாக்கியில் சேர்க்காத தன் விதியை மாற்றியது. அதன் பிறகு நீங்கள் பலமுறை கூடிப் பேசியிருக்கிறீர்கள். பெரிய லீக்குகள் என்ன செய்யும், எந்த நகரத்துக்குப் புது அணி போகும், நல்ல ஆட்டக்காரனுக்கு எந்த வழி லாபம் என்பதெல்லாம் தினமும் செய்தியில் வருகிறது. ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும், அந்த லீக்குகளுக்கு ஒரு படி கீழே உள்ள ஒரு ஜூனியர் ஏ அணி இனி எப்படி மூச்சு விடும் என்று ஒருவரும் பேசி நான் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் வடக்கு மானிடோபாவில் ஃபிளின் ஃபிளான் என்ற சுரங்க ஊரில் வசிக்கிறேன். எங்கள் ஊர் அணியின் பெயர் பாம்பர்ஸ். வெளியூரிலிருந்து ஆட வரும் பையன்களுக்கு வீட்டில் இடம் கொடுத்து, சோறு போட்டு, சீசன் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பில்லெட் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஆங்கிலத்தில் எழுதியதை உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையை எழுப்பி ஐஸ் ரிங்குக்குக் கூட்டிப் போகும் தமிழ்ப் பெற்றோர் இன்று இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் நாளை எங்கள் ஊருக்கு ஆட வரக்கூடும். அவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்கத்திய லீக், ஒன்டாரியோ லீக், கியூபெக் லீக் மூன்றும் சேர்ந்ததுதான் சி.எச்.எல். என்ற மேல்தட்டு ஜூனியர் அமைப்பு. அங்கே ஆடுகிறவர்களுக்குக் கைச்செலவுக்குப் பணம் கிடைக்கும், தொழில்முறை அணிகளில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களோடு ஆடுவார்கள். அதனால் அங்கே ஆடியவனைத் தொழில்முறை ஆட்டக்காரன் கணக்கில் வைத்து, என்.சி.ஏ.ஏ. கல்லூரி ஹாக்கியில் சேர்த்துக்கொள்ளாமல் இருந்தது. படிப்பும் வேண்டும் ஹாக்கியும் வேண்டும் என்று நினைத்த பையன் ஒரு படி கீழே, எங்களைப் போன்ற ஜூனியர் ஏ அணிகளுக்கு வந்தான். சிறு ஊர் அணிகளுக்கு இருந்த பெரிய பலமே அதுதான். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்தத் தடை இல்லை. மெடிசின் ஹாட்டில் ஆடிய கேவின் மெக்கெனா நேரே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பையன்களுக்கு இது நல்ல வழி, அதை நான் எதிர்க்கவில்லை. இதனால் எங்களைப் போன்ற அணிகளுக்கு வரும் இழப்பை யார் தாங்குவது என்பதுதான் என் கேள்வி. இப்போதைக்கு நாங்கள்தான் தாங்குகிறோம், தனியாக.

எங்கள் அணியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு எடுக்கும்போது இது உங்கள் நினைவில் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஊரும் அணியும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1927-இல் சுரங்க நிறுவனம் வந்தது, ஊர் வந்தது, ஹாக்கியும் வந்தது. இங்கே மண் என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது, எல்லாம் பாறை. சாக்கடைக் குழாயைப் புதைக்க முடியாமல் பல தெருக்களில் தரைக்கு மேலேயே மரப்பெட்டி கட்டி அதற்குள் ஓட விட்டிருக்கிறார்கள், அந்தப் பெட்டிகளின் மேல் ஜனங்கள் நடந்து போவார்கள். இப்படி ஒரு இடத்தில், 1957-இல், பாம்பர்ஸ் மெமோரியல் கோப்பையை வென்றது. அது கனடாவின் ஜூனியர் ஹாக்கிக்கே உச்சமான கோப்பை. எதிரே ஆடியது ஒட்டாவா கனடியன்ஸ். மான்ட்ரியால் கனடியன்ஸின் வளர்ப்பு அணி அது, நடத்தியவர் சாம் பொல்லாக். பணமும் ஆள்பலமும் அந்தப் பக்கம். ஏழு ஆட்டம் வரை போன தொடரைச் சுரங்க ஊர்ப் பையன்கள் நான்குக்கு மூன்று என்று எடுத்தார்கள். அணித் தலைவர் டெட் ஹாம்ப்சன், பயிற்சியாளர் பாபி கர்க். எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் பெரியவர் அப்போது சிறுவன். அந்த வருடத்து ஆட்டங்களை இன்றைக்கும் நேற்று நடந்தது மாதிரி சொல்வார், யாருடைய மட்டையிலிருந்து யாருக்கு வட்டு போனது என்பது உட்பட.

அந்த அணியில் ஆடிய பாட் ஜின்னெல் பின்னாளில் பயிற்சியாளராகத் திரும்பி வந்தார். அவர் கையில் வளர்ந்தவர்தான் பாபி கிளார்க், இதே ஊரில் பிறந்தவர். பதின்வயதிலேயே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். 1967-68 சீசனில் 59 ஆட்டங்களில், கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 168 புள்ளிகள் எடுத்தார். ரிவர்ட்டனிலிருந்து வந்து அவரோடு ஆடிய ஓஜிப்வே இனத்துப் பையன் ரெஜி லீச் அதே சீசனில் 87 கோல் அடித்தார். இருந்தும் கிளார்க்கின் நோயைக் காட்டி, வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகள் தயங்கின. ஜின்னெல் சும்மா இருக்கவில்லை. பையனை அமெரிக்காவில் மேயோ கிளினிக்குக் கூட்டிப் போய், உடம்பைப் பார்த்துக்கொண்டால் தொழில்முறையில் ஆடலாம் என்று மருத்துவர்களிடம் எழுதி வாங்கி வந்தார். அப்படியும் என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1969 தேர்வில் முதல் சுற்று முழுக்க அவரை யாரும் எடுக்கவில்லை. பதினேழாவதாகப் பிலடெல்பியா எடுத்தது. 1974, 1975 இரண்டு வருடமும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை பிலடெல்பியாவுக்குப் போனது, தூக்கிப் பிடித்த தலைவர் கிளார்க்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது கோப்பையை அல்ல, மேயோ கிளினிக் பயணத்தை. ஒரு சிறு ஊர் அணியின் பயிற்சியாளர், தனக்கு அடுத்த வருடம் உதவப் போகாத ஒரு பையனுக்காக இன்னொரு நாட்டு மருத்துவமனை வரை போனார். அவனை அவன் அப்பா அம்மாவோடு சேர்த்துத் தெரிந்தவர்கள் இருந்த ஊர் இது. உங்கள் விதிப் புத்தகத்தில் 'வளர்ப்பு' என்று எழுதியிருக்கிறீர்களே, அது நடக்கும் இடம் இதுதான்.

அடுத்து நடந்ததையும் நீங்கள் மறந்துவிட்டீர்கள். 1969-லும் 1970-லும் மேற்கத்திய லீக்கில் வரிசையாகச் சாம்பியன் ஆன அணி 1978-இல் ஊரை விட்டுப் போனது. சின்ன ஊர், தூரம் அதிகம், செலவு தாங்காது என்றார்கள். எட்மன்டன் போனால் பெரிய நகரம், கூட்டம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். எட்மன்டனில் ஒரே ஒரு சீசன். அங்கிருந்து மொன்டானாவின் கிரேட் ஃபால்ஸ், அங்கே பாதி சீசனிலேயே மூடியாயிற்று. பிறகு ஸ்போகேன். அங்கேயும் 1981 டிசம்பரில் சீசன் நடுவிலேயே கதை முடிந்தது. மூன்றரை வருடத்தில் மூன்று நகரங்கள், கடைசியில் அணியே இல்லை. பெரிய சந்தை என்று நம்பிக் கொண்டுபோனது இப்படி அழிந்தது. போக்கிடமில்லாத ஊரோ மறு சீசனே அதே பெயரில் புது அணி கட்டி வடக்கு மானிடோபாவின் சின்ன லீக்கில் இறக்கியது, 1984-இல் சாஸ்காட்செவான் ஜூனியர் லீக்கில் சேர்த்தது. இன்று வரைக்கும் அந்த அணி ஆடுகிறது.

சந்தை சிறியது என்று யாராவது உங்கள் கூட்டத்தில் சொன்னால் இந்த வரலாற்றை எடுத்துக் காட்டுங்கள்.

நான் நெய்வேலியில் வளர்ந்தவள். சுரங்கத்தை நம்பி வாழும் ஊர் என்றால் என்ன என்பது எனக்கு இங்கே வந்து தெரிந்ததல்ல. சைரன் சத்தத்தில் நாள் நகரும், வீடு நிறுவனத்துடையது, வேலை நிறுவனத்துடையது, கோயில் திருவிழாவுக்குக்கூட நிறுவனத்தின் தயவு வேண்டும். ஆனால் ஃபிளின் ஃபிளானில் அந்தக் காலம் முடிந்து வருகிறது. உருக்காலை 2010-இல் மூடியது. 825 அடி உயரப் புகைபோக்கியிலிருந்து இப்போது புகை வருவதில்லை. 2022 ஜூனில் கடைசிச் சுரங்கமும் மூடியது. என் கணவர் உட்பட எத்தனையோ பேர் இன்று ஸ்னோ லேக் சுரங்கத்துக்குப் போய், நாள் கணக்கில் அங்கேயே தங்கி வேலை செய்துவிட்டு வருகிறார்கள். அந்த 2022 வசந்தத்திலேயே பாம்பர்ஸ் லீக் இறுதிக்குப் போனது. 2023-லும் 2024-லும் போனது. மூன்று முறையும் தோற்றோம். அடுத்த சீசனிலும் ஜனம் வந்தது. எங்கள் ஊர் ரிங்கான விட்னி ஃபோரத்தில் முக்கியமான ஆட்டம் என்றால் மூஸ் மானின் காலை ஐஸ் மேல் வீசி எறியும் பழக்கம் இங்கே உண்டு, முதல் தடவை பார்த்தபோது நான் பயந்துபோனேன். இப்போது என் மகள் அதற்காகவே முன்வரிசை கேட்கிறாள்.

2025 மே கடைசியில் காட்டுத்தீ வந்து ஊரே காலி செய்தது. ஏறக்குறைய ஒரு மாதம் யாரும் வீட்டில் இல்லை. மாகாண எல்லை தாண்டி இருக்கும் டெனாரே பீச்சில் வீடு வீடாக எரிந்தது. ஜூன் கடைசியில் திரும்பி வந்து புகை வாசனையோடு படுக்கையைத் துவைத்துக்கொண்டிருந்தபோது அணிக் குழுவிலிருந்து வந்த முதல் போன், 'இந்த வருடமும் ஒரு பையனை வைத்துக்கொள்வீர்களா?' என்பதுதான். வீட்டை இழந்த ஒரு குடும்பத்தையும் கேட்டிருக்கிறார்கள், அவர்கள் வாடகை வீட்டிலிருந்துகொண்டே சரி என்றார்கள்.

ஒரு பில்லெட் வீடு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதி எழுதுகிறவர்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அக்டோபரிலிருந்து எங்கள் வீட்டு அடித்தளத்தில் சூடேற்றும் உலைக்குப் பக்கத்தில் கயிறு கட்டி, அதில் முழங்கால் காப்பு, தோள் காப்பு, கையுறை எல்லாம் தொங்கும். அந்த வாடையைச் சாம்பிராணியாலும் போக்க முடியாது. சாப்பாட்டு மேசையில் மட்டைக்குச் சுற்றும் கறுப்பு டேப்பின் பிசின் ஒட்டியிருக்கும். அணியிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை தருவார்கள், பதினெட்டு வயதுப் பையனின் பசிக்கு அது முதல் பத்து நாளைக்குக் காணும். தோசைக்கு மாவு அரைத்தால் இரட்டிப்பாக அரைக்க வேண்டும். கழித்தல் முப்பத்தைந்து டிகிரியில் பேருந்து நடு இரவு தாண்டித் திரும்பும்போது காரின் எஞ்சின் உறைந்து போகாமல் மின்சாரத்தில் மாட்டி வைத்துக் காத்திருக்க வேண்டும். வீட்டு நினைப்பு வந்து பேசாமல் இருப்பான், பள்ளிப் பாடத்தில் பின்தங்குவான், மண்டையில் அடிபட்டு இருட்டு அறையில் நாள் முழுக்கக் கிடப்பான். அப்போதெல்லாம் பக்கத்தில் இருப்பது லீக் அல்ல, நாங்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அப்படி எங்கள் வீட்டில் இருந்த ஒரு பையனைச் சீசன் நடுவில் மேல்லீக் அணி ஒன்று அழைத்துக்கொண்டது. இரவில் போன் வந்தது, ஓரிரு நாளில் பையோடு கிளம்பினான். மகிழ்ச்சியாகத்தான் அனுப்பினோம், என் மகள் மட்டும் அழுதாள். சில வாரம் அங்கே பெஞ்சில் உட்கார வைத்திருந்துவிட்டு இடமில்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் இங்கே அவன் இடத்துக்கு வேறொரு பையன் வந்தாயிற்று, பள்ளியில் அரையாண்டும் போயிற்று. அவனை வளர்த்த அணிக்கு நன்றி சொல்லி ஒரு வரி வரவில்லை. அவன் படிப்பு என்ன ஆனது என்று கேட்டு ஒரு போன் வரவில்லை. இது விதிப்படி சரியாக நடந்ததாம். விதி அப்படி இருந்தால் அந்த விதி தப்பு.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் மானிடோபா ஊர், ஆடுவது சாஸ்காட்செவான் லீக்கில். தெற்கே எஸ்டவானில் ஆட்டம் என்றால் எட்டு ஒன்பது மணி நேரம் பேருந்தில் போக வேண்டும், பாதி வழி காடு, போன் சிக்னல் கிடையாது. இதே லீக்கின் ஹம்போல்ட் பிராங்கோஸ் பேருந்து 2018 ஏப்ரல் 6 அன்று நிப்பாவினுக்கு ஆடப் போகும் வழியில் லாரியோடு மோதியது. பதினாறு பேர் இறந்தார்கள், பதின்மூன்று பேர் காயம்பட்டார்கள். அவர்கள் நினைவாக நாடு முழுக்க வாசலில் மட்டையைச் சாய்த்து வைத்தார்கள், எங்கள் தெருவிலும் வைத்தோம். எங்கள் பையன்களின் பேருந்தும் அந்தப் பக்கத்துச் சாலைகளில்தான் ஓடுகிறது. புதுப் பேருந்துகளில் சீட் பெல்ட் கட்டாயம் என்று 2020 செப்டம்பரிலிருந்து சட்டம் இருக்கிறது. பழைய பேருந்துக்கு அது பொருந்தாது. புதுப் பேருந்துக்குக் கூடுதல் வாடகை கொடுக்கச் சிறு ஊர் அணியிடம் பணம் எங்கே? ஆட்டத்துக்கு ஆட்டம் நாங்கள் விற்கும், வசூலில் பாதி வென்றவருக்கும் பாதி அணிக்கும் போகும் பரிசுச் சீட்டிலும், கோடையில் நடத்தும் விருந்திலும் வரும் காசில்தான் பேருந்து ஓடுகிறது. இதை விதி மாற்றத்தின் செலவோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. வடக்கில் பழங்குடி ஊர்கள் நிறைய. அங்கே ஸ்கேட்டிங் கற்றுக்கொண்ட பையனுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மேல்நிலை ஹாக்கி எங்களைப் போன்ற அணிகள்தான். பக்கத்து ஊரான தி பாவில் ஓப்பாஸ்க்வாயக் கிரீ மக்கள் தொடங்கிய பிளிசார்ட் அணி 1999 முதல் 2003 வரை தொடர்ந்து ஐந்து முறை மானிடோபா ஜூனியர் லீக்கை வென்றது. வடக்கின் அணிகள் தேய்ந்தால் முதலில் வழி அடைபடுவது அந்தப் பிள்ளைகளுக்கு. ரெஜி லீச்சுக்கு விழா எடுத்துக் கைதட்டுகிறோம், அடுத்த லீச் எங்கே போய் ஆடுவான்?

எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன்.

ஜூனியர் ஏ அணியில் வளர்ந்த ஒருவனை மேல்லீக் அணி எடுத்தால், அவன் வளர்ந்த அணியில் இருந்த காலத்துக்குத் தக்க வளர்ப்புத் தொகை அந்த ஜூனியர் ஏ அணிக்கு நேராக வர வேண்டும். எவ்வளவு, எப்போது, எப்படி என்பது வெளிப்படையான அட்டவணையாக அடுத்த சீசன் தொடங்குவதற்குள் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். ஊருக்கு ஊர் பேரம் பேசி வாங்கும் நிலை எங்களுக்கு வேண்டாம்.

சீசன் நடுவில் ஒரு பையனை அழைத்தால், குறைந்தது பள்ளி அரையாண்டு முடியும் வரை பொறுங்கள். பெற்றோரோடு பழைய அணியும் உட்கார்ந்து பேசி, எழுத்தில் சம்மதம் இருக்க வேண்டும். அழைத்துப் போன அணி அந்தச் சீசனிலேயே அவனை விட்டுவிட்டால் அவன் பழைய இடத்துக்குத் திரும்பி வர விதி இடம் தர வேண்டும், படிப்புக்கு ஏற்பட்ட நஷ்டத்தை அந்த அணி ஏற்க வேண்டும். எங்கள் வீட்டுப் பையனுக்கு இது இனி உதவாது, அவனுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

வடக்கிலிருந்தும் தொலைதூரத்திலிருந்தும் பயணம் செய்யும் அணிகளுக்கு ஒரு பயணநிதி ஒதுக்குங்கள். சீட் பெல்ட் இல்லாத பேருந்தில் எந்த ஜூனியர் அணியும் ஏறக் கூடாது என்று விதி போடுங்கள், அந்தச் செலவை அந்த நிதியிலிருந்து கொடுங்கள். இதற்கு ஹம்போல்ட் பெற்றோரை இன்னொரு முறை கேட்க வைக்காதீர்கள்.

ஆட்டக்காரர் இடமாற்றம் பற்றி முடிவு எடுக்கும் உங்கள் குழுவில் ஊர்மக்கள் நடத்தும் அணிகளுக்கு ஓட்டுரிமையோடு இடம் கொடுங்கள். பார்வையாளராக உட்கார வைத்தால் போதாது. பில்லெட் குடும்பங்களின் சார்பிலும் ஒருவர் அதில் இருக்க வேண்டும்.

கடைசியாக, எந்த ஊரின் அணியையாவது மூடுவதென்றோ, இணைப்பதென்றோ, வேறு ஊருக்கு மாற்றுவதென்றோ பேச்சு எழுந்தால், முதல் கூட்டத்தை அந்த ஊரில், அந்த ஊர் ரிங்கில், மக்கள் முன்னால் நடத்துங்கள். ஃபிளின் ஃபிளானில் நடத்துவதானால் ஜனவரியில் வாருங்கள். வருகிறவர்களுக்குத் தங்க எங்கள் வீட்டில் இடம் உண்டு. மார்ச் முடிவதற்குள் உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வந்த பதிலை, வராவிட்டால் வரவில்லை என்பதை, விட்னி ஃபோரத்தின் நுழைவாயில் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டுவோம்.

இப்படிக்கு,
பாம்பர்ஸ் அணியின் ஒரு பில்லெட் அம்மா,
ஃபிளின் ஃபிளான், மானிடோபா